ஐதரோபுளோரிக் அமிலத்தின் வரலாறு

ஐதரோபுளோரிக் அமிலம் என்பது ஐதரசன் புளோரைடு நீரில் கரைந்த கரைசல் ஆகும். நிறமற்ற இக்கரைசல் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். நீர்த்த கரைசலில் இது முழுமையாக அயனியாவதில்லை. எனவே வேதியியலில் இது வலிமை குறைந்த அமிலமாக வகைப்படுத்தப்படுகிறது. ஆயினும் ஆய்வகங்களில் மிகவும் ஆபத்தான அமிலங்களுள் இதுவும் ஒன்று. இந்த முரணுக்கான விடை இதன் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

கண்டறிதல்

புளோர்ஸ்பார் என்ற கனிமம் கால்சியம் புளோரைடு ஆகும். தாதுக்களை எளிதில் உருகச் செய்ய இது பயன்படுவதை 16-ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் அக்ரிகோலா எழுதி வைத்தார். பாய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே இக்கனிமத்தின் பெயர் வந்தது. 1771-இல் சுவீடனில் கார்ல் வில்லெம் சீலே இதைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துக் கண்ணாடி வாலையில் சூடாக்கினார். வெளிவந்த அமிலம் வாலையையே அரித்தது. கண்ணாடியிலுள்ள சிலிக்காவுடன் அது வினைபுரிந்து சிலிக்கான் டெட்ராபுளோரைடு வாயுவாக மாறுவதே இதற்குக் காரணம்.

இப்பண்பு பின்னர் பயனுள்ளதாயிற்று. கண்ணாடியின் மீது மெழுகு பூசி, வேண்டிய இடத்தில் கீறி, அமிலத்தைத் தடவினால் கீறிய இடம் மட்டும் அரிக்கப்படும். வெப்பமானிகளிலும் அளவுக் குழாய்களிலும் கோடுகள் இம்முறையில் பொறிக்கப்பட்டன.

உயிர்ப்பலிகள்

இந்த அமிலத்தில் புதிய தனிமம் ஒன்று இருக்க வேண்டும் என ஆம்பியர் கருதினார். அதைப் பிரித்தெடுக்க முயன்ற அம்ப்ரி டேவி உடல்நலம் குன்றினார். அயர்லாந்தின் நாக்சு சகோதரர்கள் கடும் நச்சுப் பாதிப்புக்கு உள்ளாயினர். பெல்சியத்தின் லூயே, பிரான்சின் நிக்கலே ஆகிய இருவரும் உயிரிழந்தனர்.

இறுதியில் 1886 சூன் 26 அன்று பாரிசில் என்றி முவாசான் வெற்றி பெற்றார். நீரற்ற ஐதரசன் புளோரைடு மின்சாரத்தைக் கடத்தாது. எனவே அவர் அதில் பொட்டாசியம் ஐதரசன் புளோரைடைக் கரைத்து, குளிரூட்டிய பிளாட்டினக் குழாயில் மின்னாற்பகுப்பு செய்து புளோரினைப் பிரித்தார். இவருக்கு 1906-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே இவர் காலமானார்.

ஆபத்துக்கான காரணம்

புளோரைடு அயனி தோலை ஊடுருவிச் சென்று உடலிலுள்ள கால்சியத்துடனும் மக்னீசியத்துடனும் சேர்கிறது. எந்தக் கனிமத்திலிருந்து அமிலம் பிறந்ததோ, அதே கால்சியம் புளோரைடு உடலுக்குள் மீண்டும் உருவாகிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத்துடிப்பு சீர்குலைந்து மரணம் நேரலாம். நீர்த்த அமிலம் பட்டால் வலி பல மணி நேரம் கழித்தே தெரியும். வலி இல்லை என்று அலட்சியமாக இருப்பதே பெரும் ஆபத்து.

கையாளும் முறை

இதைக் கண்ணாடிக் கலன்களில் வைக்கக்கூடாது. பாலித்தீன் கலன்களே ஏற்றவை. புகைபோக்கி அறையில், தகுந்த கையுறை, முகக்கவசம், மேலங்கி அணிந்து, துணைக்கு ஒருவர் இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். உடலில் பட்டால் அமிலம் பட்ட ஆடையை உடனே அகற்றி, ஓடும் நீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவ வேண்டும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். களிம்பிலுள்ள கால்சியம் புளோரைடு அயனியைப் பிணைத்து, உடலின் கால்சியத்தைக் காக்கிறது.

இன்றைய பயன்பாடு

குளிரூட்டி வாயுக்கள், டெப்லான், உயர்தரப் பெட்ரோல், யுரேனியச் செறிவூட்டல், கணினிச் சில்லுகள் ஆகியவற்றின் தயாரிப்பில் இந்த அமிலமோ ஐதரசன் புளோரைடோ பயன்படுகிறது. 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகரில் ஏற்பட்ட ஐதரசன் புளோரைடு கசிவில் ஐவர் உயிரிழந்தனர். லூயே, நிக்கலே ஆகியோரின் காலத்தில் இல்லாத மருந்தும் பாதுகாப்பு முறையும் இன்று உள்ளன. அவற்றைப் பின்பற்றாத இடத்தில் பழைய ஆபத்து அப்படியே இருக்கிறது.