நானா யார்? பீட்டர் பேன் கதைக்குப் பின்னால் இரண்டு பெரிய நாய்கள்

பீட்டர் பேன் புத்தகத்தைப் படித்த ஒருவரிடமும், டிஸ்னியின் கார்ட்டூன் படத்தை மட்டும் பார்த்த ஒருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "நானா என்ன ஜாதி நாய்?" (நானா என்பது அந்த நாயின் பெயர். உங்களைக் கேட்பதாக நினைத்துப் பதற வேண்டாம்! :-))

படம் பார்த்தவர் செயின்ட் பெர்னார்ட் என்பார். புத்தகம் படித்தவர் நியூஃபவுண்ட்லேண்ட் என்பார். இருவர் சொல்வதும் சரிதான். 1953இல் வந்த படத்தில் இருப்பது செயின்ட் பெர்னார்ட். ஜே. எம். பேரி 1911இல் எழுதிய நாவலில் இருப்பது நியூஃபவுண்ட்லேண்ட். அப்படியானால் டிஸ்னி தப்பு செய்துவிட்டதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் பேரியின் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இந்த இரண்டு ஜாதி நாய்களும் இருந்தன. நானா எந்த நாயிலிருந்து வந்தாள் என்று தேடினால், அது நாய் ஜாதியோடு முடிகிற விஷயமாக இல்லை.

முதலில் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லண்டனில் டார்லிங் என்று ஒரு குடும்பம். மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் குடிக்கிற பாலுக்கே காசு சரியாகப் போய்விடுவதால் ஆயா வைத்துக்கொள்ள வசதி இல்லை. அதனால் ஒரு நாயையே ஆயாவாக வைத்துக்கொள்கிறார்கள். அவள்தான் நானா. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், பள்ளிக்கூடம் கூட்டிப்போவாள், மழை வரும்போல இருந்தால் வாயில் குடையைக் கவ்விக்கொண்டு போவாள். ஒரு நாள் அப்பா டார்லிங் தான் குடிக்க வேண்டிய கசப்பு மருந்தை நானாவின் கிண்ணத்தில் ஊற்றிவிடுகிறார். விளையாட்டுக்காம்! யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு ரோஷம் வந்துவிடுகிறது. "இந்த வீட்டுக்கு நான் எஜமானா, இந்த நாய் எஜமானா?" என்கிற மாதிரி கோபத்தில், நானாவை இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் சங்கிலியில் கட்டிவிடுகிறார். அன்று இரவுதான் பீட்டர் பேன் வந்து பிள்ளைகளைப் பறக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போகிறான்.

நன்றாகக் கவனித்தால் மொத்தக் கதையும் அந்தச் சங்கிலியில்தான் தொங்குகிறது. நாயைக் கட்டிப்போடாமல் இருந்திருந்தால் பிள்ளைகள் போயிருக்கவே மாட்டார்கள்.

இப்போது நிஜ நாய்களுக்கு வருவோம்.

முதல் நாய்: போர்த்தோஸ்

பேரி 1860இல் ஸ்காட்லாந்தில் கிரிமூர் என்ற சின்ன ஊரில், நெசவாளி வீட்டில் பிறந்தவர். மிகவும் குள்ளமானவர். 1894இல் மேரி ஆன்செல் என்ற நடிகையைத் திருமணம் செய்துகொண்டார். தேனிலவுக்கு சுவிட்சர்லாந்து போன இடத்தில் ஒரு செயின்ட் பெர்னார்ட் குட்டியை வாங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் போர்த்தோஸ். ஜார்ஜ் டு மோரியே 1891இல் எழுதிய 'பீட்டர் இபெட்சன்' என்ற நாவலில் வரும் நாயின் பெயர் அது. தம்பதிக்குக் குழந்தை பிறக்கவில்லை. குட்டி மட்டும் வளர்ந்து, நின்றால் எஜமானரையே மறைக்கிற அளவுக்கு ஆனது.

பேரி தினமும் போர்த்தோஸைக் கூட்டிக்கொண்டு கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவுக்குப் போவார். அங்கே 1897 வாக்கில் ஜார்ஜ், ஜாக் என்ற இரண்டு சிறுவர்கள் பழக்கமானார்கள். தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தைத் தம்பி, கூடவே மேரி ஹாட்ஜ்சன் என்ற ஆயா. அறிமுகமில்லாத ஒரு பெரியவர் பூங்காவில் பிள்ளைகளிடம் பேசினால் எந்த ஆயாவுக்கும் சந்தேகம் வரும். ஆனால் பின்னங்கால்களில் எழுந்து நின்று எஜமானரோடு குஸ்தி போடுகிற ஒரு ராட்சத நாயைப் பார்த்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? அறிமுகக் கடிதம் இல்லாத மனிதருக்கு அந்த நாய்தான் அறிமுகக் கடிதம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பிள்ளைகளின் அம்மா சில்வியா லூவெலின் டேவிஸ், நாவலாசிரியர் டு மோரியேயின் மகள். தள்ளுவண்டியில் இருந்த குழந்தைக்கு அப்பாவின் நாவலிலிருந்துதான் பீட்டர் என்று பெயர் வைத்திருந்தார். ஆக போர்த்தோஸ் என்ற நாய்ப் பெயரும், பின்னால் பீட்டர் பேனுக்குப் போன பீட்டர் என்ற பெயரும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை!

1901 கோடையில் சர்ரே பகுதியில் இருந்த பேரியின் பிளாக் லேக் காட்டேஜ் வீட்டுக்குப் பக்கத்திலேயே டேவிஸ் குடும்பமும் வந்து தங்கியது. பிள்ளைகள் கடற்கொள்ளையர் விளையாட்டு விளையாடினார்கள். போர்த்தோஸுக்கும் அதில் வேடம் உண்டு. கொள்ளைக்காரத் தலைவனின் நாய் அது. தேவைப்பட்டால் முகமூடி மாட்டிக்கொண்டு புலி! பேரி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு புத்தகமாக்கி, இரண்டே இரண்டு பிரதி அச்சிட்டார். ஒன்றைப் பிள்ளைகளின் அப்பா ஆர்தரிடம் கொடுத்தார். அவர் அதை ரயிலில் தொலைத்துவிட்டார். மிஞ்சிய ஒரு பிரதி இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தூங்கும்போது காவல் காக்க நாயைப் பழக்கியதாக ஒரு படம் அதில் உண்டு. டார்லிங் வீட்டுப் படுக்கை அறையின் முதல் வரைபடம் என்றே அதைச் சொல்லலாம்.

இரண்டாவது நாய்: லுவாத்

போர்த்தோஸ் இறந்தபின் வந்தது லுவாத். கறுப்பும் வெள்ளையும் கலந்த நியூஃபவுண்ட்லேண்ட். ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ் வளர்த்த நாயின் பெயரும் லுவாத்தான். அது கொல்லப்பட்ட துக்கத்தில் அதை ஒரு கவிதையில் பேசும் நாயாகவே ஆக்கியிருந்தார் பர்ன்ஸ். அவருடைய நாய்க்கு நடந்தது நூறு வருஷம் கழித்து இந்த லுவாத்துக்கும் நடந்தது. அதுவும் இலக்கியத்துக்குள் போனது.

1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் பீட்டர் பேன் நாடகம் அரங்கேறியது. நானாவாக நடித்தவர் ஆர்தர் லூபினோ. அவர் போட்டுக்கொண்ட தலையும் ரோமமும் லுவாத்தைப் பார்த்துச் செய்தவை. ஆண் நாயைப் பார்த்துச் செய்த உடைக்குள் ஒரு ஆண் நடிகர், வேடமோ பெண் நாய். பாவம் லுவாத்!

இந்த இரண்டு ஜாதிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செயின்ட் பெர்னார்ட் நாய்கள் ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் துறவிகள் நடத்திய சத்திரத்தில் வளர்ந்தவை. பனியில் மாட்டிக்கொண்ட வழிப்போக்கர்களைத் தேடிக் கண்டுபிடித்தவை. அவற்றில் புகழ்பெற்றது 1800இல் பிறந்த பாரி என்ற நாய். நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அதன் பாடம் செய்த உடல் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (ஆங்கிலத்தில் உச்சரித்தால் நம் எழுத்தாளரின் பெயரும் இந்த நாயின் பெயரும் ஒன்றுதான்!) நியூஃபவுண்ட்லேண்ட் கனடா கடற்கரை மீனவர்களின் நாய். நீரில் விழுந்தவர்களை இழுத்துவருவதில் பெயர் பெற்றது. செயின்ட் பெர்னார்டின் கழுத்தில் சின்ன மதுப் பீப்பாய் தொங்குவது போன்ற பிம்பத்தைப் பரப்பியது எட்வின் லேண்ட்சீர் 1820இல் வரைந்த ஓவியம். அதே லேண்ட்சீர் ஒரு நியூஃபவுண்ட்லேண்டை உயிர்காக்கும் சங்கத்தின் மதிப்புக்குரிய உறுப்பினராகவே வரைந்தார். கறுப்பு வெள்ளை நியூஃபவுண்ட்லேண்டுகளுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. போதாததற்கு, 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் பெர்னார்டுகளோடு நியூஃபவுண்ட்லேண்டுகளைக் கலந்து வளர்த்தும் இருக்கிறார்கள். ஆக போர்த்தோஸும் லுவாத்தும் தூரத்துச் சொந்தம்.

பேரியே குழம்பிய இடம்

1928இல் நாடகம் புத்தகமாக வந்தபோது பேரி ஒரு நீண்ட சமர்ப்பணம் எழுதினார். அதில் அந்தப் பழைய நாயை நினைத்துக்கொள்கிறார். தான் ஒரு கதைக்குள் இருக்கிறோம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் செய்வதையெல்லாம் அதுவும் செய்ததாம். தியேட்டரில் பாக்ஸில் உட்கார்ந்து நாடகம் பார்த்துத் திகைத்துப் போனதாம். ஒரு காட்சியில் நடிகருக்குப் பதிலாக ஒரு நிமிடம் மேடையேறியதாம். இவ்வளவும் எழுதிவிட்டு, முதல் நாயையும் அடுத்து வந்த நாயையும் போட்டுக் குழப்புகிறேனோ என்று தானே சந்தேகப்படுகிறார். பின்னே? நாடகம் மேடையேறுவதற்கு முன்பே போர்த்தோஸ் போய்ச் சேர்ந்துவிட்டதே!

இந்தக் குழப்பம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேரிக்கு நினைவில் நின்றது எந்த நாய் என்பதல்ல, அந்த நாய் செய்த வேலை. அடுத்தவர் பிள்ளைகளுக்குக் காவல் இருக்கிற வேலை. நாவலில் நானாவுக்கும் டார்லிங் குடும்பத்துக்கும் பழக்கம் ஏற்படும் இடம் கென்சிங்டன் கார்டன்ஸ்தான். தள்ளுவண்டிகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே திரிவாள். பொறுப்பில்லாத ஆயாக்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. பூங்காவில் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தது நாய் மட்டுமா? பேரியும்தானே! மேரி ஹாட்ஜ்சனுக்கும் பேரியைப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் பொறுப்பில்லாத ஆயா அல்ல, பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். கதையில் பேரி தன் பக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டார் என்றும் இதைப் படிக்கலாம்.

பிறகு நடந்தது எந்த நாடகத்திலும் இல்லாதது. 1907இல் ஆர்தர் புற்றுநோயில் இறந்தார். 1909இல் பேரியின் திருமணம் முறிந்தது. 1910இல் சில்வியாவும் இறந்தார். ஐந்து பையன்களும் அனாதைகளானார்கள். பேரிதான் பாதுகாவலராக நின்று அவர்களைப் படிக்கவைத்தார். அடுத்த வருடம் வெளிவந்த நாவலில், அப்பா டார்லிங் செய்த தப்புக்குத் தண்டனையாக, பிள்ளைகள் திரும்பும்வரை நாய்க்கூண்டிலேயே குடியிருக்கிறார். ஆபீஸுக்குக்கூட அந்தக் கூண்டோடுதான் போகிறார். சிரிக்கவைக்க எழுதிய பகுதிதான். ஆனால் அதை எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ காவலாக நின்றவர் என்று தெரிந்தபின் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வரவில்லை.

கதையில் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறார்கள். நிஜத்தில் ஜார்ஜ் 1915இல் முதல் உலகப்போரில் செத்துப்போனான். நான்காவது பையன் மைக்கேல் 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே தண்ணீரில் மூழ்கி இறந்தான். அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான் பேரி அந்தச் சமர்ப்பணத்தை எழுதினார், ஐந்து பேருக்கும் சேர்த்தே. அதில் நாய் இன்னும் குடிசை வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.