கஞ்சிப்பாசியும் நரம்பிழையமும்

புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே பரந்து கிடக்கும் களப்பு, உப்பு விளைச்சலால் நெடுங்காலம் பெயர் பெற்றது. அக்களப்பின் கஞ்சிப்பாசிக்கு அறிவியல் வரலாற்றிலும் ஓரிடம் உண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்தியல் நூல்கள் இதனைச் 'சிலோன் பாசி' என்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் களப்பு கலங்கும்போது அறுபட்டு மிதக்கும் பாசியை மக்கள் திரட்டி, பாய்களில் உலர்த்தி, நன்னீரில் பன்முறை அலசி, மீண்டும் வெயிலில் வெளுக்கவைத்தனர் என்று அவை கூறுகின்றன. 1834 இல் கல்கத்தாவில் ஓ'ஷானசி என்ற மருத்துவர் இதனைப் பகுத்தாராய்ந்து, பாதிக்கு மேற்பட்ட பகுதி கூழ்ப்பொருளே எனக் கண்டார்.

அக்கூழ்ப்பொருள் ஏகார் இனத்தது. ஏகார் கொதிநீரில் கரையும், ஆறினால் உறையும், உறைந்தபின் உடற்சூட்டில் உருகாது. ஆசியக் கடற்கரை அடுக்களைகள் இதனை முன்னரே அறிந்திருந்தன. யாவாவில் வாழ்ந்த நண்பர் வழியாக இதனை அறிந்த பானி ஹெசே என்ற பெண்மணியின் யோசனையாலேயே நுண்ணுயிர் வளர்ப்புக்கு ஏகார் பயன்படலாயிற்று. 1882 இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய றொபேட் கோக், ஏகாரைக் குறிப்பிட்டார், அம்மையாரைக் குறிப்பிடவில்லை.

நரம்பாராய்ச்சி வேறு வழியில் வந்தது. 1907 இல் ஹரிசன், தவளைக் கருவின் நரம்பிழையத்தை உறைந்த நிணநீரில் வைத்து, நரம்புநார் வளர்வதை உடலுக்கு வெளியே கண்டார். நரம்பு படரத் தாங்கி வேண்டும் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1937 இல் யப்பானிய அறிஞர் அராக்கி, ஏகாரிலிருந்து அகரோசைப் பிரித்தார். 1995 இல் பெல்லம்கொண்டா குழுவினர் அகரோசுக் கூழினுள் நரம்புக்கலங்களை வளர்த்தபோது இருவழிகளும் ஒன்றாயின. 2006 இல் அவர்கள் எலியின் காயமுற்ற முண்ணாணில் அதனைத் திரவமாகச் செலுத்தி, அவ்விடத்திலேயே குளிர்வித்து உறையச் செய்தனர். அதே ஆண்டில் எங்லரும் பிறரும், பல்வகைக் கலங்களாக மாறவல்ல குருத்துக்கலங்கள், மூளையைப் போன்று மென்மையான செயற்கைக் கூழில் நரம்பியல்பையும், வன்கூழில் என்பியல்பையும் ஏற்பதைக் காட்டினர். ஊசியாற் செலுத்தும் ஐதரோஜெல்லில் குருத்துக்கலங்களை ஏற்றி நரம்பிழையம் வளர்க்கும் முயற்சி இவ்வடிப்படையில் எழுந்ததே. மனிதருக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

அவ்வாய்வுக்கூடங்களின் அகரோசு கற்பிட்டியில் விளைந்தது என்பது நம் வாதமன்று. கூழின் பண்பைக் கண்டறிந்தோர் கரையோர மக்கள். நூல்களில் அவர்கள் வெறும் 'சுதேசிகள்'. ஓ'ஷானசிக்குப் பெயருண்டு, பாசி அலசிய கைகளுக்கில்லை. அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் ஆய்வுக்கூடத்தில் தொடங்குதல் போதாது. களப்பின் கரையிலிருந்தும் தொடங்குதல் வேண்டும்.