பனியன் ஊரின் எர்த்தும் ஆஸிலாஸ்கோப்பும்

பைகாரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் நீலகிரியில் இயங்கத் தொடங்கி, அதன் கம்பிகள் மலையை விட்டிறங்கிக் கோயம்புத்தூர் ஜில்லாவின் சமவெளியெங்கும் பரவிய பிறகுதான் நூல் மில்களும், அவற்றை அண்டியிருந்த திருப்பூரின் பின்னல் தொழிலும் வேகம் பெற்றன என்பதைச் சரித்திரம் எழுதுவோர் யாவரும் சொல்லிச் செல்வர். அந்த மின்சாரத்தோடு கூடவே வந்து, சுவருக்கு வெளியே ஒரு குழியில் கரியும் உப்பும் இட்டுப் புதைக்கப்பட்ட எர்த் குழாயைப் பற்றியோ அவர்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை.

மோட்டாரின் இரும்புக் கூட்டில் பேஸ் கம்பி பட்டுவிட்டால், தொட்ட மனிதனுக்கு அபாயம் நேராமல் மின்சாரம் மண்ணுக்குள் பாய்ந்து பியூஸ் எரிந்துபோக வேண்டும் என்பதே அக்குழாயின் பிரயோஜனம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் மோட்டார் கூட்டுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டுமென விதித்தன; 1966இல் அதற்கென்றே ஐ.எஸ். 3043 என்னும் தரநூலும் வெளிவந்தது. கோடையில் காய்ந்து வெடிக்கும் கொங்கு மண்ணில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது எலெக்ட்ரீஷியன்களின் நித்திய கடமைகளுள் ஒன்று. எர்த் என்றால் ரக்ஷை என்ற எண்ணம் இப்படித்தான் தலைமுறைகளாக வேரூன்றியது. அது நியாயமான எண்ணமே.

1978இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் வெள்ளைப் பனியன்களைத் தேடித் திருப்பூருக்கு வந்ததிலிருந்து ஏற்றுமதி பெருக, அதன் பின்னாலேயே வெளிநாட்டு யந்திரங்களும் வந்து சேர்ந்தன. வட்டப் பின்னல் யந்திரத்தில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர், தையல் மேஜையில் சர்வோ மோட்டார், சாயப்பட்டறைப் பம்புகளில் மீண்டும் இன்வெர்ட்டர் என்று பெல்ட்டும் கிளச்சும் செய்த வேலையை எலெக்ட்ரானிக் போர்டுகள் ஏற்றுக்கொண்டன. மல்ட்டிமீட்டரும் சீரிஸ் பல்புமாகக் காலம் தள்ளிய பழுதுபார்ப்போருக்கு அலையின் வடிவத்தையே கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் நேர்ந்தது. 1897இல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரௌன் செய்த கதிர்க்குழாயில் பிறந்து, 1947இல் அமெரிக்க டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 511 என்னும் கருவியால் நம்பத்தக்க அளவுமானியாக உயர்ந்த ஆஸிலாஸ்கோப், அவர்கள் மேஜைக்கு வந்தது அவ்வாறுதான்.

விபரீதமும் அதோடு வந்தது. ஆஸிலாஸ்கோப்பின் புரோபில் தொங்கும் முதலைக் கிளிப், கருவியின் கூட்டோடும், கூட்டின் வழியாகப் பிளக்கின் மூன்றாவது பின்னோடும், அதன் வழியாகச் சுவருக்கு வெளியே உள்ள கரிக்குழியோடும் ஒன்றாகவே இணைந்திருக்கிறது. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் இன்வெர்ட்டருக்குள் இரு முனைகளுக்கிடையே 590 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும். அதன் மைனஸ் முனையைப் பூஜ்யம் என்று நினைத்துக் கிளிப்பை மாட்டுகிறவர், அது சமயத்துக்குச் சமயம் பூமிக்கு முந்நூறு வோல்ட்டையும் கடந்து தாழ்வது என்பதை, கிளிப் கருகி இன்வெர்ட்டரின் டையோடு வெடித்த பிறகே அறிகிறார். அதே போர்டில் மின்மாற்றியால் தனிமைப்படுத்தப்பட்ட ஐந்து வோல்ட் பக்கத்தில் அதே கிளிப்பைத் தாராளமாக மாட்டலாம். மாட்டிய கணத்தில் அந்தப் பக்கம் தனிமையை இழந்து பூமியோடு சேர்ந்துவிடுகிறது என்பதும், இரண்டாவது புரோபின் கிளிப்பை வேறொரு புள்ளியில் வைத்தால் இரண்டும் ஷார்ட் ஆகும் என்பதும் நினைவில் இருந்தால் போதும்.

டையோடு வெடிப்பதைத் தவிர்க்கச் சிலர் கண்டுபிடித்த உபாயம் மூன்றாவது பின்னை முறித்துவிடுவது. இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக் கொள்வோரையும் நான் அறிவேன். அப்போது டையோடு பிழைக்கும். ஆனால் ஆஸிலாஸ்கோப்பின் கூடும், புரோப் செருகும் உலோகத் துளைகளும் அந்த முந்நூறு வோல்ட்டை ஏந்தி, தொடுகின்ற கைக்காகக் காத்திருக்கும். மில்லின் எர்த் குழி எதைத் தடுக்கத் தோண்டப்பட்டதோ அதையே இவர்கள் மேஜைமேல் திரும்ப அழைத்து வருகிறார்கள்.

பிரிக்க வேண்டியது கருவியை அன்று, போர்டை. போர்டுக்குச் செல்லும் மின்சாரத்தை ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகக் கொடுத்தால் கிளிப்பை ஓரிடத்தில் மாட்டலாம். அதன்பின் போர்டின் மற்றப் பகுதிகளைத் தொடுவது பழையபடியே அபாயந்தான். இன்வெர்ட்டரின் மேல்வரிசை டிரான்சிஸ்டரின் கேட் சிக்னலைப் போலப் பூஜ்யத்துக்கும் அறுநூறுக்கும் இடையே துள்ளும் இடத்திற்கு டிபரென்ஷியல் புரோப் ஒன்றே தகும். அதை வாங்க வசதியில்லாதவர், அந்த வோல்ட்டேஜைத் தாங்கும் இரண்டு புரோப்களை இருபுறமும் வைத்து, கிளிப்களை எங்கும் மாட்டாமல், ஒரு சானலிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கலாம். துல்லியம் குறையும், உயிருக்குக் குறையிராது. கிளிப்பைச் சரியான இடத்தில் மாட்டினாலும் இன்னோர் ஏமாற்றம் உண்டு: பதினைந்து சென்டிமீட்டர் கிளிப் கம்பி ஏறத்தாழ 150 நானோஹென்றி தூண்டலாகி, 10 பிகோபாரட் புரோபோடு சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் அருகே தானே அதிரும் என்பதால், திரையில் தோன்றும் நடுக்கத்தைப் போர்டின் கோளாறு என்று கருதி நல்ல பாகத்தைக் கழற்றுவதும் நடப்பதுண்டு. புரோபோடு வரும் சிறு ஸ்பிரிங் முனையைப் பயன்படுத்தினால் அது பெரும்பாலும் அடங்கும்.

பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: போர்டைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் அந்த மேஜையிலுள்ள ஆஸிலாஸ்கோப்பின் பிளக்கைப் பாருங்கள், இரண்டு பின்களே இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.