தறியில் உட்கார்ந்த கோடை

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கோடையில் மீண்டும் மாணவனானேன். காலையில் நெசவு வகுப்பு, மாலையில் லினோலியத்தைச் செதுக்கி அச்செடுக்கும் வகுப்பு. முதல் வாரம் முழுக்க என் பாவு நூல் அறுந்துகொண்டே இருந்தது. அறுந்ததை முடிந்தபோதெல்லாம் பள்ளியில் தக்ளி சுற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன.

அந்தத் தக்ளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி கைத்தொழில்வழிக் கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் நூற்கலாம், நெய்யலாம். அதன் வழியே கணக்கும் மொழியும் கற்கலாம் என்பதே அதன் சாரம்.

1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் வேறு வகை. பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

இரண்டிலும் கைத்தொழில் இருந்தது. ஆனால் ஒன்றில் தறி எல்லோருக்கும் பொது. மற்றதில் நெசவாளி பிள்ளைக்கு மட்டும்.

எங்களுக்குக் கற்றுத் தந்தவர் பரம்பரை நெசவாளி. "உங்களுக்கு இது ஆசை சார். எங்கப்பாவுக்கு வேற வழியே இல்ல" என்றார். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். நான் பணம் கட்டி உட்கார்ந்த தறியை விட்டு, அவள் எழுந்து போயிருக்கிறாள். இரண்டும் அவரவர் விருப்பமாக இருப்பதற்குத்தான் அன்று அத்தனை போராட்டம்.