நீக்கப்பட்ட இரண்டு வரிகள்

துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத்தூசுக்கு ஆங்கிலத்தில் ‘லின்ட்’ என்று பெயர். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களைப் படித்து ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும் சிறு கருவி ஒன்றை எழுதி அதற்கு இப்பெயரையே வைத்தார். துணி கிழிந்திருக்கவில்லை, உடுத்தலாம். ஆனால் தூசு இருக்கிறது, தட்டிவிட்டு உடுத்துவது நல்லது என்று பெயரிலேயே ஓர் அடக்கம் தெரிகிறது. அக்காலத்து சி மொழியின் கம்பைலர் நிரலாளரை அதிகம் கேள்வி கேட்காது. எழுதியதை விரைவாக இயந்திர மொழிக்கு மாற்றித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. சந்தேகப்படும் வேலையை ஜான்சன் தனியே பிரித்து லின்ட்டிடம் ஒப்படைத்தார். ஒரு கோப்பில் ஒருவிதமாக அறிவிக்கப்பட்டது இன்னொரு கோப்பில் வேறுவிதமாக அழைக்கப்படுகிறதா, மதிப்பு இடப்படும் முன்னரே ஒரு மாறி பயன்படுத்தப்படுகிறதா, எவ்வழியாக வந்தாலும் எட்ட முடியாத வரிகள் உள்ளனவா என்றெல்லாம் அது பார்த்தது.

1978ஆம் ஆண்டு ஜான்சன் எழுதிய அறிக்கையில் நம் கவனத்தை ஈர்ப்பது வேறொரு செய்தி. லின்ட் சில வேளைகளில் வீணாகவும் குறை சொல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே நிரலாளர் அதற்கு மறுமொழி கூறவும் ஒரு வழி செய்துவைத்தார். ‘ஓட்டம் இவ்விடத்துக்கு வராது’, ‘இந்த உள்ளீட்டைத் தெரிந்தேதான் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறேன்’ என்ற பொருளில் வரையறுக்கப்பட்ட சில சொற்களைக் குறிப்புரையாக நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், லின்ட் அவ்விடத்தில் வாய்மூடிக்கொள்ளும். கருவியை நோக்கி எழுதப்பட்ட அக்குறிப்பு, பின்னாளில் அந்நிரலைத் திறந்து படிக்கும் மனிதருக்கும் உதவியது.

எழுதியவரே கருவியையும் ஓட்டிப் பார்க்கும்போது இக்குறிப்பு அவ்வளவு முக்கியமாகத் தோன்றாது. ஏன் அப்படி எழுதினோம் என்பது அவருக்கே நினைவிருக்கும். பலர் கூடி எழுதும் மென்பொருளில் எழுதியவர் ஒருவர், கருவியை ஓட்டுபவர் இன்னொருவர், திருத்துபவர் மூன்றாமவர். இவர்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டிருக்கவும் மாட்டார்கள். கருவி கேட்கும் கேள்வி இவர்களிடையே கைமாறும்போது என்ன நேரலாம் என்பதற்கு, 2006க்கும் 2008க்கும் இடையில் டெபியன் இயங்குதளத்தில் நிகழ்ந்ததைக் காட்டிலும் தெளிவான சான்று நமக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு முன் இன்னொரு வகைக் கருவியை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். லின்ட் நிரலை ஓட்டாமல் படித்துப் பார்ப்பது. 1990களில் வந்த பியூரிஃபை, நிரல் ஓடும்போதே அதன் நினைவகப் பயன்பாட்டை உடனிருந்து கண்காணித்தது. (அதை விற்பதற்காக 1991இல் நிறுவனம் தொடங்கிய ரீட் ஹேஸ்டிங்ஸ்தான் பிற்பாடு நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிழை பார்ப்பதைவிடப் படம் பார்ப்பதற்கு ஆட்கள் அதிகம் என்பதை அவர் கண்டுகொண்டார் போலும்.) பியூரிஃபை விலைக்கு வாங்க வேண்டிய கருவி. அதே பணியை லினக்ஸில் எவரும் இலவசமாகச் செய்துகொள்ளும்படி ஜூலியன் சீவர்ட் எழுதிய வால்கிரிண்ட் 2002இல் வெளியானது. இக்கருவி நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழல் வைத்துக்கொள்கிறது. ‘இவ்விடத்தில் யாரேனும் மதிப்பு எழுதினார்களா, அல்லது முன்பிருந்த குப்பைதான் கிடக்கிறதா’ என்பதே அந்நிழல் சொல்லும் செய்தி. குப்பையை வைத்து நிரல் ஒரு முடிவெடுக்கப் போனால் வால்கிரிண்ட் கூவும். குப்பையோடு நல்ல மதிப்பைக் கலந்தால் கலவை முழுவதையும் தீட்டுப்பட்டதாகவே அது கருதும்.

இனி ஓப்பன்எஸ்எஸ்எல். 1998 இறுதியில், அதற்கு முன்பிருந்த எஸ்எஸ்எல்ஈஏஒய் என்ற நிரல்தொகுதியிலிருந்து கிளைத்த இந்நூலகம், இணையத்தில் மறைத்து அனுப்பப்படும் செய்திகளில் பெரும்பங்குக்குப் பொறுப்பேற்றிருந்தது. மறைப்பதற்குச் சாவி வேண்டும். சாவி என்பது எவராலும் ஊகிக்க முடியாத ஓர் எண். ஊகிக்க முடியாத எண்ணை உருவாக்குவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் தன்னுள் ஒரு குளத்தை வைத்திருந்தது. இயங்குதளம் திரட்டித் தரும் தற்செயலான பிட்டுகளை ஒரு செயற்கூறு அக்குளத்தில் ஊற்றிக் கலக்கும். இன்னொரு செயற்கூறு வேண்டும்போது மொண்டு தரும். மொள்ளும் கூறு ஒரு சிறு சிக்கனத்தையும் கடைப்பிடித்தது. வெளியே தரவேண்டிய எண்ணை எழுதுவதற்காக அழைத்தவர் நீட்டும் பாத்திரத்தில் ஏற்கெனவே என்ன கிடந்தாலும், அதையும் குளத்தில் போட்டுக் கலக்கிவிடும். குப்பைதான் என்றாலும் கலப்பதால் கேடில்லை, ஒருவேளை சிறிது நன்மை இருக்கலாம் என்பது அதன் ஆசிரியர்களின் எண்ணம்.

ஆகவே இரு கூறுகளிலும் கலக்கும் வேலையைச் செய்யும் வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஓரிடத்தில் அது குளத்தின் நீர்வரத்து. மற்றோரிடத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடில்லாத ஓர் உபரி. இரண்டாவது வரியின்மேல் பியூரிஃபை குறை சொல்லும் என்று முன்னமே அறிந்திருந்தார்கள். அதனருகில் ஒரு குறிப்பும், சோதனைக்காக அவ்வரியை மட்டும் தவிர்க்கும் ஏற்பாடும் இருந்தன. ஜான்சன் காட்டிய வழியைப் பாதி தூரம் பின்பற்றியிருந்தார்கள் எனலாம். முதல் வரியின் அருகே எதுவும் எழுதப்படவில்லை. அது என்ன செய்கிறது என்பது எவருக்கும் தெரியாமல் போகுமென்று எழுதியவர் எண்ணியிருக்க மாட்டார்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தித் தம் மென்பொருளை எழுதியவர்கள் அதை வால்கிரிண்ட்டின்கீழ் ஓட்டியபோது அவதிப்பட்டார்கள். குளத்தில் ஒருமுறை குப்பை விழுந்தால் அதிலிருந்து மொண்ட எல்லா எண்களும் தீட்டு. அவ்வெண்கள் சென்ற இடமெல்லாம் எச்சரிக்கை. தம் சொந்தப் பிழை எது, நூலகத்திலிருந்து வந்த கூச்சல் எது என்று பிரித்தறிய முடியாத நிலை. 2006இல் டெபியனில் இதுபற்றி முறையீடு வந்தது. அங்கு அந்தத் தொகுப்பைப் பராமரித்த தன்னார்வலர் எச்சரிக்கைகளைத் தொடர்ந்துபோய் அவ்விரு வரிகளையும் கண்டார். தாமாக எதையும் செய்துவிடவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மேம்பாட்டு மடற்குழுவில் இரண்டு வரிகளையும் காட்டி, இவற்றை நீக்கலாமா என்று கேட்டார். பிழைதேட உதவுமானால் நீக்குவதற்குத் தாம் உடன்படுவதாக அக்குழுவைச் சேர்ந்த ஒருவர் மறுமொழி எழுதினார். பிழை தேடும்போது மட்டுமா, உலகத்துக்கு வெளியிடும் பதிப்பிலுமா என்று இவர் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. 2006 செப்டம்பரில் இரண்டு வரிகளும் டெபியனின் தொகுப்பிலிருந்து நீங்கின.

எச்சரிக்கைகள் நின்றன. வால்கிரிண்ட் மௌனமாயிற்று. நீர்வரத்து அடைபட்ட குளத்தில் எஞ்சி விழுந்தது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் அடையாள எண் ஒன்றுதான். அக்கால லினக்ஸில் அவ்வெண் இயல்பாக 32,768ஐத் தாண்டாது. ஊகிக்கவே முடியாத சாவி ஒவ்வொன்றும், கணினி வகையும் சாவியின் நீளமும் தெரிந்துவிட்டால், ஏறத்தாழ முப்பத்து மூவாயிரத்தில் ஒன்றாகிவிட்டது. ஒரு மேசைக்கணினி சிறிது நேரத்தில் அத்தனையையும் வரிசையாக உருவாக்கிப் பார்த்துவிடும்.

சோதனைகள் இதைக் காட்டியிருக்காவா என்ற கேள்வி எழலாம். காட்டவில்லை. குளத்தைக் கலக்கும் முறை வலுவானது. ஒரே ஓர் எண்ணை உள்ளே போட்டாலும் வெளிவருவது எந்தப் புள்ளியியல் சோதனைக்கும் தற்செயலாகவே தோன்றும். ஒரு சாவியைத் தனியே எடுத்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது. ஆயிரக்கணக்கான கணினிகளின் சாவிகளை அருகருகே வைத்தால்தான் ஒன்றே திரும்பத் திரும்ப வருவது புலனாகும். அப்படி யார் வைத்துப் பார்ப்பார்கள்?

ஏறக்குறைய இருபது மாதங்கள் கழிந்தன. இதற்கிடையில் 2007 ஏப்ரலில் ‘எட்ச்’ என்ற டெபியன் பதிப்பு வெளியாயிற்று. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவின் 7.04, 7.10, 8.04 பதிப்புகளும் அதே தொகுப்பை எடுத்துக்கொண்டன. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் பங்களிப்பாளர் குறையைக் கண்டறிய, 2008 மே 13 அன்று டெபியன் அதைப் பகிரங்கமாக அறிவித்தது. புதுத் தொகுப்பை நிறுவினால் தீர்ந்துவிடும் குறையன்று இது. அந்த இருபது மாதங்களில் உருவான சாவிகள் உலகெங்கும் பரவிக் கிடந்தன. வழங்கிகளில் நுழையும் சாவிகள், வலைத்தளச் சான்றிதழ்கள், தனிவலைகளின் சாவிகள் அனைத்தையும் தேடியெடுத்து மாற்ற வேண்டியிருந்தது. வேறிடத்தில் முறையாக உருவாக்கப்பட்ட டிஎஸ்ஏ வகைச் சாவியைக்கொண்டு பழுதான கணினியில் ஒரேயொரு முறை கையொப்பமிட்டிருந்தாலும் அதுவும் போயிற்று. அவ்வகைக் கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் ஊகிக்க முடியாத எண் ஒன்று தேவைப்படுவதே காரணம். அறிவிப்பு வந்த சில நாள்களுக்குள் சாவிகளின் முழுப்பட்டியலும் இணையத்தில் கிடைத்தது.

பின்னர் வழக்கம்போல் பழி யாருக்கு என்ற வாதம். ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சேர்ந்த பென் லாரி, வினியோகிப்பவர்கள் தாங்களே கைவைக்காமல் திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று கடுமையாக எழுதினார். கேட்டுத்தானே செய்தார் என்று மற்றவர்கள் மடற்குழுவைச் சுட்டினர். இதில் பராமரிப்பாளரை மட்டும் குற்றவாளியாக்குவது நமக்கு உடன்பாடில்லை. ஏடு பெயர்த்தெழுதியவர்கள் தமக்கு விளங்காத சொல்லை எளிய சொல்லாக்கி எழுதிச்சென்ற கதை சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்குத் தெரியும். இங்கே பெயர்த்தெழுதியவர் மூலநூலாசிரியரின் வீட்டு வாசலுக்கே சென்று ஐயம் கேட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த விடைதான் அரைகுறை.

கருவியையும் குறைசொல்ல இயலாது. அது கேட்ட கேள்வி சரியானதே. வரியைத் தொடாமலே அதற்கு மறுமொழி கூறவும் வால்கிரிண்ட்டில் வழி இருந்தது. தெரிந்த எச்சரிக்கைகளை ஒரு தனிக்கோப்பில் பட்டியலிட்டு அடக்கிவைக்கலாம். ‘இந்த நினைவகப் பகுதியில் மதிப்பு இருப்பதாகவே கொள்க’ என்று நிரலிலிருந்தே அதற்கு அறிவிக்கவும் செய்யலாம்.

லினக்ஸ் கருநிரலைப் பேணுபவர்கள் அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலிருந்து நடந்துகொண்டிருந்தார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் எழுதத் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற கருவிக்கு, மனிதர்கள் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயனரின் நிரலிலிருந்து வரும் நினைவக முகவரியும் கருநிரலின் சொந்த முகவரியும் சி மொழியின் கண்ணுக்கு ஒன்றே. முன்னதை நம்பி நேரடியாகத் தொட்டால் பாதுகாப்பு உடையும். பயனரிடமிருந்து வருவது இது என்று அறிவிப்பிலேயே ஒரு சொல்லைச் சேர்த்து எழுதிவைத்தால், யாரேனும் அதை மற்றதனோடு குழப்பும்போது ஸ்பார்ஸ் தடுத்துச் சொல்லும். கம்பைலருக்கு அச்சொல் ஒரு பொருட்டன்று. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் உள்ள வேறுபாட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எவரும் இவ்வாறு எழுதிவைக்கவில்லை.

டெபியன் தன் திருத்தத்தில் நீர்வரத்தாகிய முதல் வரியைத் திரும்பச் சேர்த்தது. சாவிகள் அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. அறிவிப்புக்குச் சில நாள்கள் கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வலைத்தள வழங்கிகளை நாள்தோறும் கண்காணிக்கத் தொடங்கினர். தொடக்கத்தில் பழுதோடிருந்தவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஆறு மாதமாகியும் அச்சாவிகளையே வைத்திருந்ததைக் கண்டனர். 2015இல் கிட்ஹப் பயனர்களின் சாவிகளைப் பரிசோதித்தபோதும் அவை அகப்பட்டன. 2024இல், மின்னஞ்சல்களில் கையொப்பமிட நிறுவனங்கள் பயன்படுத்தும் சாவிகளைத் திரட்டி ஆராய்ந்த ஜெர்மன் பத்திரிகையாளர் ஹன்னோ போக், அவற்றுள்ளும் 2006ஆம் ஆண்டுத் தொகுப்பின் குறையால் பிறந்த சாவிகளைக் கண்டு எழுதினார்.