அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது?



நம் மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். "சார், ரத்தம் போய் வருகிற அந்தக் குழாய்க்குள் என்னதான் சார் இருக்கு? விலை கூடின ஃபில்டர் போடலாமான்னு கேட்கிறாங்க" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

திசில் புனலின் வாயில் பார்ச்மென்ட் தாளைக் கட்டி, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீரில் கவிழ்த்து வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தாளில்தான் கதை ஆரம்பம். 1861இல் தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், சல்லடை போன்ற வளையத்தில் பார்ச்மென்ட் தாளை இழுத்துக் கட்டி, அதில் சிறுநீரை ஊற்றித் தண்ணீரில் மிதக்கவிட்டார். யூரியா தாளைக் கடந்து தண்ணீருக்குள் இறங்கியது. கோந்து, ஜெலட்டின் போன்ற பெரிய மூலக்கூறுகள் கடக்கவில்லை. இந்தப் பிரிப்புக்கு 'டயாலிசிஸ்' என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் இதை மனித ரத்தத்தில் செய்து பார்க்க இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நடுவில் 1913இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஏபெல் குழுவினர் கொலோடியன் என்ற பொருளால் தாங்களே குழாய் வார்த்து நாய்களிடம் சோதித்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அட்டைப் பூச்சியிலிருந்து எடுத்த ஹிருடினைச் சேர்த்தார்கள். 1924இல் ஜெர்மனியின் கீசன் நகரில் கியார்க் ஹாஸ் முதல் முறையாக ஒரு மனிதருக்குச் செய்தார், வெறும் 15 நிமிடம். கொலோடியன் குழாய் எளிதில் உடையும், ஒவ்வொன்றையும் கையால் செய்ய வேண்டும். சவ்வு சரியாக அமையாததால் வேலை அங்கேயே நின்றது.

வழி கிடைத்தது இறைச்சிக் கடையிலிருந்து! சாஸேஜ் அடைக்க அப்போது செல்லோஃபேன் உறைகள் தொழிற்சாலையில் மீட்டர் கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தன. மெல்லியது, ஓட்டையில்லாதது, ஒரே சீரானது. நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், தன் கண்ணெதிரே ஓர் இளைஞன் யூரியா ஏறிச் சாவதைப் பார்த்தவர், இந்த உறையைக் கையில் எடுத்தார். 1943இல், நாஜிப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், காம்பன் ஊர் மருத்துவமனையில் மரச்சட்ட உருளை ஒன்றில் அந்தக் குழாயைச் சுற்றி, உப்புக் கரைசல் தொட்டியில் சுழலவிட்டார். முதல் 16 நோயாளிகளில் அநேகமாக எல்லோரும் இறந்துபோனார்கள். 1945இல் பதினேழாவதாக வந்த சோஃபியா ஷாஃப்ஸ்டாட் என்ற 67 வயது மூதாட்டி கோமாவிலிருந்து கண் விழித்தார். அவர் நாஜிகளுக்கு ஒத்துழைத்ததாகச் சிறையில் இருந்தவர். கோல்ஃபோ நாஜிகளை வெறுத்தவர். இருந்தும் சிகிச்சை செய்தார். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவேன்.

1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர், டெஃப்ளான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் வழி கண்டார். அதுவரை சில நாள் சிகிச்சையாக இருந்தது பல வருடச் சிகிச்சையாயிற்று. சவ்வின் குறைகள் வெளியே வந்ததும் அதனால்தான். நாலு நாளில் இறந்துபோகிற நோயாளியிடம் பத்து வருடக் கெடுதல் எப்படித் தெரியும்?

அப்போதைய சவ்வு குப்ரோஃபேன். செயற்கைப் பட்டு நூற்றுவந்த ஜெர்மனியின் பெம்பெர்க் நிறுவனத்தின் சரக்கு, அதுவும் செல்லுலோஸ்தான். 1968இல் ஒன்றைக் கவனித்தார்கள்: டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிடங்களில் நோயாளியின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சட்டென்று குறைகின்றன. 1977இல் காரணம் தெளிவாயிற்று. செல்லுலோஸ் என்பது சர்க்கரைச் சங்கிலி, கிருமிகளின் தோல் போல. உடல் அதை எதிரி என்று நினைத்து காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. வெள்ளையணுக்கள் நுரையீரலில் போய் ஒதுங்குகின்றன. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இந்தப் பொய்யான போர்!

அடுத்த குறை துளையின் அளவு. குப்ரோஃபேன் யூரியாவை நன்றாக விடும், அதைவிடப் பெரியவற்றை விடாது. வயிற்றறை வழியாக டயாலிசிஸ் செய்தவர்களுக்கு யூரியா அதிகமாக இருந்தும் நரம்புக் கோளாறு குறைவாக இருப்பதை ஸ்கிரிப்னர் பார்த்தார். அப்படியானால் யூரியாவைவிடப் பெரிய நஞ்சுகள் உண்டு என்றார். 1985இல் ஜப்பானில் கெஜ்யோ குழுவினர் அதில் ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம். யூரியாவைப் போல ஏறக்குறைய 200 மடங்கு எடை. வெளியேற வழியில்லாமல் மூட்டிலும் மணிக்கட்டிலும் படிந்து நரம்பை நெரிக்கிறது. சிங்கப்பூரில் பத்து வருடத்துக்கு மேல் டயாலிசிஸில் இருந்த என் பெரிய அத்தானுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் மரத்துப்போனது உறவுக்காரர்களுக்குத் தெரியும். எல்லோரும் வயசு என்றார்கள்.

செயற்கைச் சவ்வு நுழைந்தது இந்த இடைவெளியில்தான். 1970களின் தொடக்கத்தில் பிரான்சின் ரோன்-பூலெங்க், ஸ்வெட்டர் நூலுக்கு உறவான பாலிஅக்ரைலோநைட்ரைலில் ஏஎன்69 சவ்வைச் செய்தது. பெரிய துளை, வெள்ளையணுச் சரிவும் குறைவு. குறையே இல்லாத சவ்வு என்று ஒன்று கிடையாதே! ஏஸ் தடுப்பான் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர்கள் சிலருக்கு இந்தச் சவ்வில் திடீரென்று அழுத்தம் விழுந்தது. அதன் எதிர்மின்னூட்டம் பிராடிகைனினை உண்டாக்கியதே காரணம் என்று 1990 வாக்கில் கண்டார்கள்.

1983இல் ஜெர்மனியின் ஃபிரசினியஸ் பாலிசல்ஃபோன் சவ்வைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலும் நாம் பார்ப்பது இந்தக் குடும்பம்தான். செய்முறை நம் இடியாப்ப அச்சு போல: பிளாஸ்டிக் கரைசலை வளையத் துளையில் பிழிவார்கள், நடுவில் ஒரு திரவம் ஓடும். அந்தத் திரவம் பட்ட உள்பக்கம் முதலில் இறுகி ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய தோலாகும், வெளிப்பக்கம் பஞ்சு போலத் தாங்கும். வடிகட்டுவது தோல் மட்டுமே. இப்படி 'மெல்லிய தோல், பஞ்சுத் தாங்கி' அமைப்பைக் கடல்நீரைக் குடிநீராக்க 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் முதலில் செய்தவர்கள் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும். உங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் அவர்களே மூலம். ஒரு டயாலிசிஸுக்குத் தேவையான சுமார் 120 லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்வதும் ஆர்.ஓ.தான்.

ஆகவே தம்பி, குழாய்க்குள் இருப்பது சுமார் பத்தாயிரம் மயிரிழைக் குழல்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 0.2 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஓர் ஆள் படுக்கிற பாய் அளவு பரப்பு வரும்.

விலை கூடின ஃபில்டர் விஷயம். அமெரிக்காவில் 1,846 நோயாளிகளிடம் நடந்த ஹீமோ ஆய்வு 2002இல் வெளியானது. பெரிய துளைச் சவ்வால் மொத்த இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. பல ஆண்டு டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் இருக்கும் அறிகுறி தெரிந்தது. அப்பா ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது. அவசரப்பட்டு நகையை அடகு வைக்க வேண்டாம். இப்போது போடுவது எந்தச் சவ்வு, எத்தனை முறை கழுவித் திரும்பப் போடுகிறார்கள் என்ற இரண்டையும் டாக்டரிடம் நேரே கேளுங்கள். நாலு மணி நேரத்தைப் பாதியில் முடித்துக்கொள்ள அப்பாவை விடாதீர்கள். நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரம் செய்கிற வேலையை இந்தக் குழாய் 12 மணி நேரத்தில் செய்யப் பார்க்கிறது.

கையில் ஊசி குத்துகிற ஃபிஸ்டுலாவின் கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.