‘பம்பிங் குறைவு’ என்னும் சொல்லும் இதய ஒத்திசைவின் வரலாறும்

பெங்களூரின் இதயநோய் மருத்துவமனைகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என எம்மொழியில் பேச்சு நடந்தாலும் ஒரு சொல் மாறுவதில்லை: ‘பம்பிங்’. 1979இல் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் தொடங்கிப் பின்னர் பன்னேருகட்டா சாலைக்குப் பெயர்ந்த ஜெயதேவா இதயநோய் நிலையத்துக்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்து வரும் தமிழர் பலரும் ‘பம்பிங் முப்பதுதான்’ என்ற செய்தியோடு ஊர் திரும்புகின்றனர்.

இந்த எண் குறிப்பது என்ன? இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது கொண்டுள்ள குருதியில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு. 120 மி.லி. கொள்ளும் அறை 70 மி.லி.யை வெளியேற்றினால் அது ஏறத்தாழ 58 சதவீதம், அதுவே இயல்பு. நலமான இதயமும் நூறைத் தொடுவதில்லை. ஆகவே, முப்பது என்றால் எழுபது பங்கு போயிற்று என்று பொருளன்று. ஆனால் இச்சொல் விளைவிக்கும் பெரிய மயக்கம் வேறு. பம்பு என்றதும் விசைதான் நினைவுக்கு வருகிறது. பம்பிங் குறைந்தால் விசை குறைந்துவிட்டது என்றே கொள்கிறோம். தளர்ந்த இதயங்கள் சிலவற்றில் குலைந்திருப்பது விசை மட்டுமன்று, காலமும்தான். இதை மருத்துவம் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1628இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை அளவைகளோடு நிறுவினார். அதன்பின் இதயத்தை ஓர் இயந்திரமாகக் காணும் பார்வை வேரூன்றியது. தசைக்குள் ஒளிந்திருந்த மற்றோர் அமைப்பு மெல்லத்தான் வெளிப்பட்டது. 1839இல் புர்கின்யே சில விந்தையான இழைகளைக் கண்டார்; 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் மேலறையையும் கீழறையையும் இணைக்கும் கற்றையை விவரித்தார். 1906இல் ஜெர்மனியின் மார்பூர்கில் பணியாற்றிய ஜப்பானியர் சுனாவோ தவாரா, இவை தனித்தனி உறுப்புகள் அல்ல, அடிமரமும் கிளைகளும் கொண்ட ஒரே கடத்து அமைப்பு என்று காட்டினார்.

இந்த மரத்தின் வழியே மின்தூண்டல் விரைந்து பரவுவதால்தான் கீழறையின் சுவர்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் சுருங்குகின்றன. இடது கிளை தடைப்பட்டால் தூண்டல் தசைக்குத் தசை ஊர்ந்தே செல்ல வேண்டும். நடுச்சுவர் முதலில் சுருங்குகிறது. வெளிச்சுவர் சுருங்கும் வேளையில் நடுச்சுவர் தளர்ந்துவிடுகிறது. குருதியின் ஒரு பகுதி வெளியேறாமல் அறைக்குள்ளேயே அலைகிறது. இ.சி.ஜி. தாளில் கியூஆர்எஸ் என்னும் அலை 120 மில்லிவினாடிக்கு மேல் அகன்று இதைக் காட்டிக்கொடுக்கும். இயல்பான பாதையை விட்டுக் கீழறையை வேறிடத்தில் தூண்டினால் சுருக்கம் நலிவுறும் என்பதை 1925இலேயே அமெரிக்க உடலியங்கியலாளர் கார்ல் விக்கர்ஸ் விலங்காய்வில் கண்டிருந்தார்.

ஆயினும் மருத்துவம் விசையின் பின்னேயே சென்றது. சுருக்கத்தை வலுப்படுத்தும் மில்ரினோன் மாத்திரையை 1,088 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்தால் நாலடி விரைந்து நடக்கும், பிறகு விழுந்துவிடும்.

1994இல் பிரான்சில் கசோவும் அவருடைய குழுவினரும் மாற்று வழியை வெளியிட்டனர். கடும் இதயத் தளர்ச்சியுற்ற 54 வயதினர் ஒருவரின் நான்கு இதய அறைகளையும் பேஸ்மேக்கரால் ஒருசேர இயக்கினர். ஆறு வாரங்களில் உடலில் தேங்கியிருந்த நீர் வடிந்து எடை 17 கிலோ குறைந்தது. இதுவே இதய மறு ஒத்திசைவுச் சிகிச்சையின் தொடக்கம். இதயச் சுருக்கம் மேம்படும்போதே தசை செலவிடும் ஆற்றல் குறைகிறது என்று 2000இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினர். மருந்து செய்ததற்கு இது நேர்எதிர். 2001இல் அமெரிக்கா இக்கருவிக்கு ஒப்புதல் அளித்தது. 813 பேரைக் கொண்ட கேர்-எச்எஃப் ஆய்வு 2005இல் வெளியானது: மருந்து மட்டும் பெற்றோரில் 30 சதவீதத்தினர் இறந்திருக்க, கருவியும் பெற்றோரில் 20 சதவீதத்தினரே இறந்திருந்தனர்.

இதற்கு மறுதலையும் உண்டு. கியூஆர்எஸ் அகலாத, அதாவது மின்தாமதம் இல்லாத நோயாளிகளிடம் இதே கருவியைச் சோதித்த எக்கோ-சிஆர்டி ஆய்வு 2013இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கருவி இயங்கியவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. கருவியின் பயன் அது ஊட்டும் விசையில் இல்லை, அது சீர்செய்யும் காலத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வரலாற்றின் அண்மை அத்தியாயம் தவாராவின் மரத்துக்கே திரும்புகிறது. 2000இல் தேஷ்முக் ஹிஸ் கற்றையையும், 2017இல் சீனாவின் ஹுவாங் இடது கிளையையும் நேரடியாகத் தூண்டினர். அமெரிக்காவின் புகழேந்தி விஜயராமன் தலைமையிலான 1,778 நோயாளிகளின் பதிவாய்வு 2023இல் வந்தது. இறப்பு அல்லது இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்தல் என்ற விளைவு, இடது கிளைப் பகுதியைத் தூண்டும் முறையில் 20.8 சதவீதமாகவும் பழைய இரு கீழறை முறையில் 28 சதவீதமாகவும் இருந்தது. இது சீட்டுக்குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வன்று. ஆகவே முடிவான தீர்ப்பும் அன்று. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியின் சண்முகசுந்தரம் பொன்னுசாமி இத்துறையில் தொடர்ந்து எழுதி வருகிறார். நம் நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. விலை மிகுந்த மூன்று கம்பிக் கருவிக்கு மாற்றாக, தகுந்தவர்களுக்குச் சாதாரண பேஸ்மேக்கரைக் கொண்டே இதைச் செய்ய இயலும். 2013இல் திருவனந்தபுரத்தில் பதிவுசெய்யப்பட்ட 1,205 இதயத் தளர்ச்சி நோயாளிகளின் சராசரி வயது 61. பலருக்கும் அது குடும்பப் பொறுப்பு முடியாத வயது.

மீண்டும் சொல்லுக்கு வருவோம். ‘பம்பிங்’ என்பது விசையை மட்டும் பேசுகிறது. ‘இதயச் செயலிழப்பு’ என்னும் நம் கலைச்சொல்லோ இதயமே நின்றுவிட்டதாக ஒலிக்கிறது. முன்னது காலத்தை மறைக்கிறது, பின்னது நம்பிக்கையை. ‘இதயத் தளர்ச்சி’ என்பது இரண்டினும் நேர்மையானது. ‘பம்பிங் முப்பது’ என்று கேட்டுவிட்டு வரும் குடும்பம் மருத்துவரிடம் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: இ.சி.ஜி.யில் கியூஆர்எஸ் அகலம் எத்தனை மில்லிவினாடி? எண் 35க்குக் கீழும், அகலம் 150க்கு மேலும், தடை இடது கிளையிலும் இருக்குமானால், உரிய மருந்துகளுக்குப் பின்னும் மிச்சமிருக்கும் வழி ஒன்றை அந்தக் கேள்வி திறந்துவிடக்கூடும்.